பட்டாசல் ஒழுக்கு: கல்லிடைக்குறிச்சி வீடொன்றில் எது நம் கை வேலை, எது ஆள் வைக்கும் வேலை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான மழை அது. தாமிரபரணி கரை மீறிப் பாய்ந்து வீட்டுக்குள் புகுந்த ஊர்களின் கதை வேறு. ஆற்று வெள்ளம் எட்டாத தெருக்களிலும், தலைக்கு மேலிருந்து சொட்டிய நீரால் பல பழைய வீடுகள் பாழாயின. அப்படிப்பட்ட வீடு ஒன்றில் 2024ஆம் ஆண்டு முழுவதும் நடந்த பழுதுபார்ப்பை, அதில் எந்தெந்த வேலையை வீட்டாரே செய்தார்கள், எதற்கு ஆள் வைத்தார்கள், எந்த முடிவு சரியாக அமைந்தது, எது தவறிப்போனது என்ற வரிசையில் இங்கே பதிவு செய்கிறேன். வீடு கல்லிடைக்குறிச்சியில் உள்ள என் அத்தானுடையது. பாளையங்கோட்டையில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் நான், பாதி நாள் ஆலோசகனாகவும் பாதி நாள் வெறும் வேடிக்கை பார்ப்பவனாகவும் அங்கே இருந்தேன்.

வீடும் அதன் குறைகளும்

தெருவை ஒட்டித் திண்ணை, அடுத்துத் தார்சா எனும் முன்கூடம், பிறகு பட்டாசல் எனும் பெரிய கூடம், அதன் பின்னே இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் வீடு. பட்டாசலின் மேல்தளம் பழைய முறையில் அமைந்தது: தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வான வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு எனும் தட்டை ஓட்டைப் பதித்திருப்பார்கள். பொறியாளர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். பின்பகுதியில் உள்ள சமையலறையும் குளியலறையும் 1988இல் சேர்த்த கான்கிரீட் கட்டடம். ஒரே வீட்டுக்குள் இரண்டு வேறு கட்டுமானங்கள் இருந்ததுதான் பின்னால் வந்த குழப்பம் பலவற்றுக்கும் வேர்.

மழைக்குப் பிறகு எழுந்த குறைகள் இவை. பட்டாசல் மச்சில் ஒழுக்கு. குளியலறைத் தரையிலிருந்து அடுத்த சுவருக்கு ஏறும் ஈரம். வயதான அத்தைக்காக ஒரு குளிர்சாதனம் வைக்க வேண்டியிருந்ததால் மின்கம்பிகளைப் புதுப்பிக்க வேண்டிய நிலை. வெள்ளை உதிர்ந்த சுவர்கள். புறவாசலில் உடைந்துபோன ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. எல்லாவற்றையும் சேர்த்து முடித்துத்தர ஓர் ஒப்பந்தக்காரர் கேட்ட தொகை 4,20,000 ரூபாய். அத்தானிடம் இருந்ததோ அதில் பாதிக்குச் சற்று மேல்.

அத்தான் அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியர். குழாய் வாசர் மாற்றுவது, மின்விசிறிக்குக் கண்டென்சர் போடுவது, ஆழ்குழாய் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பது என்று எதற்கும் ஆளைத் தேடாதவர். 'ரெண்டு கோட்டு அடிச்சா முடியுத வேலைக்கு ஆளு எதுக்கு மாப்ளே?' என்று அவர் கேட்டபோது, என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அழுத்திச் சொல்லவில்லை. அந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு.

முதல் தவறு: தட்டட்டியில் பூசிய மருந்து

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் வாங்கிய நீர்த்தடுப்புப் பூச்சை அத்தானும் கல்லூரியில் படிக்கும் அவர் மகனும் தட்டட்டி எனும் மொட்டை மாடித் தளம் முழுவதும் இரண்டு கை பூசினார்கள். பொருளுக்கு மட்டும் 9,000 ரூபாய். வேலையில் அசட்டை எதுவும் இல்லை. தளத்தைக் கூட்டிக் கழுவி, காயவிட்டு, டப்பாவில் எழுதியிருந்தபடியே முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் இடைவெளி விட்டுத்தான் செய்தார்கள். ஆனால் மேலே காய்ந்த தட்டோட்டுக்குக் கீழே, நாலைந்து அங்குலம் கனமுள்ள சுண்ணாம்புத் தளம் டிசம்பர் மழையின் ஈரத்தை இன்னும் விழுங்கி வைத்திருந்தது. பங்குனி வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்த்தது. வழியை ரப்பர் போன்ற படலம் அடைத்துக்கொண்டிருந்தது. சித்திரை பிறப்பதற்குள் படலம் எங்கள் ஊர் அப்பளம் எண்ணெயில் விழுந்தாற்போலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கையால் பிடித்து இழுத்தால் பாய் போல உரிந்து வந்தது.

இதே பூச்சு பின்கட்டின் கான்கிரீட் தளத்தில் இன்றுவரை நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதே பொருள், அதே கை, அதே ஞாயிற்றுக்கிழமை. கீழே இருந்த தளம்தான் வேறு. ஆகவே இதைக் கைப்பழக்கம் இல்லாததால் வந்த கோளாறு என்று எழுதுவது நியாயமாகாது. தளத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் அதன் மேல் தீர்வைப் பூசியதால் வந்த கோளாறு அது.

ஒழுக்கின் வாயைக் கண்டுபிடித்தது யார்?

உண்மையான நோயறிதலை அக்கா செய்தார். டிசம்பர் மழையின்போதே மேசைமேல் ஏறி, மச்சில் தெரிந்த ஈரக்கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதியும் போட்டு வைத்திருந்தார். அடுத்த மழைக்கு இன்னொரு கோடு. கறை எந்தத் திசையில் வளர்கிறது என்பது அந்தக் கோடுகளில் தெளிவாகத் தெரிந்தது: தெற்குச் சுவரிலிருந்து வடக்கு நோக்கி, ஒரு கட்டையின் ஓரமாகவே அது நகர்ந்திருந்தது. மரத்தளத்தில் சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. புகுந்த நீர் கட்டையின் நீளத்துக்கு ஓடி, தனக்கு வசதியான இடத்தில்தான் கீழே விழும்.

ஏப்ரலில், உரிந்த படலத்தை அகற்றிவிட்டு, தளத்தை நான்கு பங்காகக் களிமண் வரப்பால் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரு நாள் வீதம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். ஓர் அங்குலத்துக்கு மேல் நிறுத்த வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்; கட்டைகளின் நிலை தெரியாதபோது தண்ணீரின் எடையும் எடைதான். மூன்று பங்குகளில் ஒன்றுமில்லை. தெற்குக் கைப்பிடிச் சுவரில் மழைநீர் வடியும் தூம்பை ஒட்டிய பங்கில் நீர் நிறுத்திய ஐந்தாவது மணி நேரத்தில், அக்காவின் பென்சில் கோட்டுக்குள் கறை கருத்தது. தூம்புக்கு அருகே, சுவரும் தளமும் சேரும் இடுக்கில் ஓர் அரசங்கன்று. மேலே விரல் நீளம்தான். ஆண்டுதோறும் யாராவது கிள்ளிப் போட்டிருக்கிறார்கள், வேரோ உள்ளே தன் பாட்டுக்குத் தடித்திருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு சாக்குக் களிமண்ணும் நான்கு நாள் பொறுமையும். கூலிக்கு வரும் எவரும் நான்கு நாள் காத்திருந்து இதைச் செய்யமாட்டார்கள். செய்யச் சொல்வதும் முறையல்ல. வீட்டில் குடியிருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

தொழில்காரர் எல்லாரும் ஒன்றல்ல

இடம் தெரிந்தபின் ஆளைத் தேடினோம். முதலில் வந்தவர் நகரத்தில் நீர்த்தடுப்பு வேலை எடுத்துச் செய்பவர். தளத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பட்டாசல் முழுவதற்கும் கம்பி வலை விரித்து இரண்டு அங்குலக் கனத்தில் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்றார். பத்தாண்டு உத்தரவாதமும் எழுதித் தருவதாகச் சொன்னார். நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பட்டாசல் 12க்கு 18 அடி, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். இரண்டு அங்குலக் கனம் என்றால் ஒரு கன மீட்டர் கலவை. எடை இரண்டு டன்னுக்கு மேல். பல தலைமுறை பார்த்த தேக்குக் கட்டைகளின் மேல் புதிதாக இரண்டு டன். அதோடு, விறைத்த சிமெண்ட் தளம் வெயிலில் ஒருவிதமாகவும் அடியில் உள்ள மிருதுவான சுண்ணாம்புத் தளம் வேறுவிதமாகவும் விரியும். கீறல் விழுந்தபின் உள்ளே போகும் நீர் வெளியேற வழியின்றிக் கட்டையைத்தான் மக்கச் செய்யும். உத்தரவாதத் தாளைக் கட்டையிடம் காட்ட முடியாது.

பத்தமடைப் பக்கத்திலிருந்து ஒரு முதிய கொத்தனாரை அத்தானின் சக ஆசிரியர் ஒருவர் அழைத்துவந்தார். கோயில் மதில், மடப்பள்ளி என்று சுண்ணாம்பு வேலையிலேயே பழகியவர். வந்ததும் தட்டட்டிக்கு ஏறாமல் பட்டாசலுக்குள் போய் நின்றார். ஏணி போட்டு, சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு கட்டையையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார். ஆறாவது கட்டையில் திருப்புளி இரண்டு அங்குலம் வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. 'சார், மேலத்த வேலைய பெறவு பேசுவோம். மொதல்ல இந்தக் கட்டைக்கு முட்டுக் கொடுங்க' என்றார். அவரிடம் வேலையை ஒப்படைக்கலாம் என்று அத்தான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான் என்பது என் ஊகம். தொழில் தெரிந்தவரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த ஒரே வழியும் இதுதான்: விலை சொல்வதற்கு முன் அவர் எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று கவனிப்பது.

வேலை மே மாதத்தில் நடந்தது. முட்டுக் கொடுத்து, தச்சரை வைத்து மக்கிய முனையை வெட்டி, இருபுறமும் இரும்புத் தகடு பிடித்துப் புது மரம் இணைத்தார்கள். பிறகு தெற்குச் சுவரோரம் மூன்றடி அகலத்துக்கு மட்டும் தட்டோட்டைப் பெயர்த்து, பொறிந்துபோன தளத்தைக் கொத்தி எடுத்து, வேரை முழுவதுமாகத் தோண்டினார்கள். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் தெளித்து, நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கினார்கள். அடிக்கும் ஓசை மாறும்; முதல் நாள் சொத்தென்று கேட்டது, கடைசி நாளில் கல்லில் அடிப்பதுபோல் கணீரென்று கேட்டது. ஓசையை வைத்துத்தான் போதும் என்று நிறுத்தினார். தட்டோடு பதித்து, சுவரும் தளமும் சேரும் மூலையில் நீர் தங்காதபடி வளைவாகப் பூசி முடித்தார்.

தாழையூத்தில் சிமெண்ட் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. நல்ல சுண்ணாம்புக்கல் கிடைக்கும் மண் என்பதால் வந்த ஆலை அது. அதே மண்ணில் சுண்ணாம்பைக் கையாளத் தெரிந்த கொத்தனாரை இன்று ஊர் ஊராக விசாரித்துத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியில் வீட்டார் செய்த வேலை, நனைப்பு. அக்கினி நட்சத்திர வெயிலில் சுண்ணாம்பு விரைந்து காய்ந்தால் தூளாகிவிடும். ஈரச்சாக்கை விரித்து, காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனி சாரல் இறங்குவதற்குள் தளம் இறுகியும் ஆகவேண்டும். கோடை விடுமுறையில் இருந்த அத்தான் பதினெட்டு நாள் ஒரு வேளையும் தவறாமல் செய்தார். இதற்குச் சித்தாள் வைத்திருந்தால் கூலி போயிருக்கும் என்பதைவிட, நண்பகல் வேளை தவறியிருக்கும் என்பதே என் எண்ணம்.

மின்சாரம்: பதினோரு ஆண்டு ஒளிந்திருந்த பிழை

சட்டம் இதில் கோடு கிழித்தே வைத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதிப்படி, விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றுவதை வீட்டாரே செய்யலாம். அதைக் கடந்த எந்த வேலையையும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். பின்னால் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தன. குளிர்சாதனம் வைப்பது இணைப்பின் சுமையை மாற்றும் காரியம். ஆனாலும் அத்தான் மகன் குழாய் பதிப்பதையும் கம்பி இழுப்பதையும் தானே செய்துவிட்டு, கடைசி இணைப்புக்கு மட்டும் ஆளைக் கூப்பிடலாம் என்று வாதாடினான். அத்தான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார்.

தடுத்தது நான் இல்லை, ஒரு கருவி. உரிமம் உள்ள மின்பணியாளர், வேலையைத் தொடங்குமுன் பிரதான பலகையில், மின்கசிவு இருந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தினார். போட்டவுடன் விழுந்தது. மறுபடி ஏற்றினால் மறுபடி விழுந்தது. கருவிதான் கோளாறு என்றார் அத்தான். பணியாளர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு சுற்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, குளியலறைச் சுடுநீர்க் கருவியின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்றாவது துளையின் எர்த் முனையிலிருந்து நியூட்ரல் முனைக்கு ஒரு சிறு பச்சைக் கம்பி முடிந்து கிடந்தது.

அந்தக் கம்பியை முடிந்தவர் அத்தான்தான், பதினோரு ஆண்டுகளுக்கு முன். அந்தச் சுவரில் எர்த் கம்பி வரவில்லை. சுடுநீர்க் கருவியோ எர்த் கேட்டது. யாரோ சொன்ன யோசனைப்படி நியூட்ரலோடு சேர்த்துவிட்டார். கருவி பதினோரு ஆண்டும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்த இணைப்பில் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தாலோ தளர்ந்தாலோ, சுடுநீர்க் கருவியின் உடம்பு முழுவதும், அதோடு உலோகக் குழாயும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர் அத்தையாகவும் இருக்கலாம். ஆர்சிசிபி இல்லாத பழைய பலகை அதைக் காட்டிக்கொடுத்திருக்காது. அத்தான் அந்தப் பச்சைக் கம்பியை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு மகன் வாதாடவில்லை.

இந்த இடத்தில்தான், எதைத் தானே செய்யலாம் என்ற கேள்வியை நான் வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கினேன். வேலை கடினமா எளிதா என்பதைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். பச்சைக் கம்பியை முடிவதைவிட எளிய வேலை இல்லை. தவறாகச் செய்தால் அந்தத் தவறு என் கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தபின் அதைக் கழற்றித் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். தெரியாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும் தவறுகள் தளத்துக்கு அடியிலும், ஓட்டுக்கு அடியிலும், சுவிட்சுப் பெட்டிக்குள்ளும், மரம் சுவருக்குள் நுழையும் முனையிலும் இருக்கின்றன.

மற்ற வேலைகள்

குளியலறை ஆள் வைத்துச் செய்தது. பழைய தரையைப் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசியதற்கு மறுநாளே டைல்ஸ் ஒட்டக் கொத்தனார் தயாராக இருந்தார். வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தாமல் ஒட்டக்கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றார். கொத்தனாருக்குச் சற்று வருத்தம்தான். இரண்டாம் நாள் காலையில் நீர்மட்டம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. வடிகால் குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்து மறுபடி நீர் நிறுத்திப் பார்த்தபின்தான் டைல்ஸ் ஏறியது. சுவர்ப் பூச்சுக்கு மணல் வாங்குவதிலும் ஒரு கவனம் தேவைப்பட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு அவர்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அதன் பிறகு எங்கள் பக்கமும் கல்லை உடைத்துச் செய்யும் எம்சாண்டுக்குப் பழகிவிட்டது. ஆனால் கான்கிரீட்டுக்கான எம்சாண்ட் வேறு, பூச்சுக்கான பி சாண்ட் வேறு. முன்னதைப் பூச்சுக்கு இறக்கிவிட்டுப் போன லாரியை அத்தான் திருப்பி அனுப்பினார்.

வெள்ளையடிப்பு முழுக்க வீட்டு வேலை. பொங்கலுக்கு முன் குடும்பமே சேர்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய ஊரில் இதற்கு யாரும் யோசிக்கவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவருக்குப் பட்டியும் பிளாஸ்டிக் வண்ணமும் பூசினால் தட்டட்டியில் நடந்ததே சுவரிலும் நடக்கும் என்பதால், நீலம் கலந்த சுண்ணாம்பையே மூன்று கை அடித்தார்கள். கல்லை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையைக் கிரைண்டரால் அறுத்து மகன் அப்புறப்படுத்தப் பார்த்தான். அந்தத் தூளிலுள்ள நார் நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழும்பக்கூடியது. அறுக்காமல், துளையிடாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகவே ஆள் வைத்துக் கழற்றிக் கொண்டுபோகச் செய்தோம்.

கணக்கு

தளத்துக்கு 62,000, கட்டைக்கும் தச்சருக்கும் 14,000, மின்வேலைக்கு 58,000, குளியலறைக்கு 47,000, வெள்ளையடிப்புப் பொருட்களுக்கு 6,500. தட்டட்டியில் பூசிய மருந்து 9,000. ஆகமொத்தம் 1,96,500 ரூபாய். கொட்டகையைக் கழற்றியவர் தன் கூலிக்குப் பழைய இரும்புச் சட்டங்களை எடுத்துக்கொண்டார். ஒப்பந்தக்காரர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை என்று அத்தான் சொல்வதுண்டு. ஆனால் அந்த ஒப்பிடுதல் முழு நேர்மையானதல்ல. அவருடைய கோடை விடுமுறை முழுவதும், அக்காவின் ஐந்து மாதக் கவனமும் அதில் ரூபாயாக ஏறவில்லை. விடுமுறை இல்லாத வேலையில் இருப்பவருக்கு இதே வீட்டில் வேறு கணக்கு வந்திருக்கும். நனைப்புக்கு நேரமில்லாதவர் சுண்ணாம்பு வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன்.

2024 ஐப்பசி, கார்த்திகை மழைகளில் தெற்குச் சுவரோரம் ஒரு சொட்டு இறங்கவில்லை. பழைய கோடுகளை வெள்ளையடிப்பு மூடியிருந்ததால், அக்கா முதல் மழைக்கு முன்பே அதே இடத்தைப் பென்சிலால் மறுபடி வரைந்து வைத்திருந்தார். கார்த்திகைக் கடைசியில் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். வடகிழக்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக ஓர் ஈரம் தெரிகிறதாம். 'மருந்து வாங்கியாச்சா அத்தான்?' என்று கேட்டேன். 'போடா. கோடு போட்டு வச்சிருக்கா ஒங்க அக்கா. இன்னும் ரெண்டு மழை போகட்டும், பத்தமடை அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கேன்' என்றார்.